‘கோ’வுக்கு ஏன் ‘வென்ட்’?

மாலதி சித்தி: யாழினி பள்ளியிலிருந்து வந்து இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆங்கிலத் தேர்வில், போ என்று பொருள் தரும் ‘கோ’வுக்கு இறந்த காலம் ‘கோ-எட்’ என்று எழுதிவிட்டாளாம். சிவப்பு மையில் பெரிதாக அடித்திருக்கிறார்கள். “வாக் வாக்ட் ஆகிறது, ஜம்ப் ஜம்ப்ட் ஆகிறது, இது மட்டும் ஏன்மா?” என்று அழுகிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா, நீங்கள்தான் வர வேண்டும்.

சேகர் மாமா: பாவம் குழந்தை. அது விதிவிலக்கு மாலு. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், நாமும் அப்படித்தானே படித்தோம்.

தாத்தா: இல்லை சேகர், காரணம் இருக்கிறது. மாலதி, முதலில் அவளுக்கு ஊட்டிவிடு. அவள் எழுதிய விடை தப்பு, யோசித்த விதம் சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இப்படித்தான். முதலில் காதில் விழுந்தபடி ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லும். ‘எட்’ சேர்க்கும் விதி பிடிபட்டதும் ‘கோ-எட்’ என்று ஆரம்பித்துவிடும். கொஞ்ச நாள் கழித்துத்தான் மறுபடி ‘வென்ட்’டுக்கு வரும்.

கவிதா அக்கா: சரி தாத்தா, அந்த ‘வென்ட்’ எங்கிருந்து வந்தது? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே.

தாத்தா: ஒட்டாதும்மா. அது வேறு வீட்டுப் பிள்ளை. ‘வெண்ட்’ என்று தனியாக ஒரு வினைச்சொல் உண்டு. கடைசியில் நாயைக் குறிக்கும் ‘டாக்’கில் வரும் டி. திருப்புவது, திரும்பிப் போவது என்று பொருள். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை ‘வைண்ட்’ என்கிறோமே, அதன் பிறவினை. நம் திரும்பு, திருப்பு மாதிரி. அனுப்பு என்ற ‘செண்ட்’ இறந்த காலத்தில் ‘சென்ட்’ ஆகிறதல்லவா? ‘வெண்ட்’ அப்படியே ‘வென்ட்’ ஆனது.

தாத்தா: ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்திலும் சொந்தமாக இறந்த காலம் கிடையாது. ‘ஏஓடெ’ என்று வேறொரு வேரிலிருந்து வந்த சொல்லை வைத்து ஓட்டினார்கள். அது தேய்ந்துபோக, 1500 வாக்கில் அந்த இடத்தில் ‘வென்ட்’ உட்கார்ந்துவிட்டது.

சேகர் மாமா: இத்தனை வருடமாக இது தெரியாதே அப்பா! ‘கோ-எட்’ மாதிரி யாருமே சொன்னதில்லையா?

தாத்தா: சொல்கிறார்களே! ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் மொழியில் ‘கே’ என்றால் போ. போனான் என்பதற்கு ‘கேட்’. யாழினி போட்ட கணக்கேதான். அவளிடம் இதைக் கட்டாயம் சொல்.

மாலதி சித்தி: சொன்னேன் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்துவிட்டாள்.

கவிதா அக்கா: தாத்தா, இதோடு என் சந்தேகமும் ஒன்று. மேலாளர் கோவை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார். நான் ‘ஹேஸ் கான் டு கோயம்புத்தூர்’ என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். எல்லோரும் அவர் ஊரில் இல்லை என்று நினைத்து ஒரு கூட்டத்தையே தள்ளிவைத்துவிட்டார்கள்.

தாத்தா: ‘கான்’ போட்டால் போனவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். போய்விட்டு வந்தவருக்கு ‘பீன்’ போட வேண்டும், ‘ஹேஸ் பீன் டு’. நாம் கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்று திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்கிற ஆட்கள். அந்த ‘வரேன்’ என்ற பாதி ‘பீன்’னுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

கவிதா அக்கா: இனி மறக்க மாட்டேன் தாத்தா.

தாத்தா: மற்றபடி ‘கோ’ நமக்கு அந்நியமே இல்லை. ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்பதும் ‘சாப்பிடப் போகிறேன்’ என்பதும் ஒரே அமைப்பு. இரண்டிலும் கால் எங்கேயும் நகர வேண்டாம். பால் கெட்டால் அவர்கள் ‘வென்ட் பேட்’ என்கிறார்கள், நாம் ‘கெட்டுப்போச்சு’ என்கிறோம். இரண்டு மொழியும் ‘போ’வை ஒரே மாதிரி வேலை வாங்குகின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலரும். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தோஷம்.

மாலதி சித்தி: அப்பா, யாழினி கேட்கிறாள்: “வெண்ட் தன்னுடைய வென்ட்டைக் கொடுத்துவிட்டதே, இப்போது அது என்ன செய்யும்?”

தாத்தா: நல்ல கேள்வி கேட்டாள் என் தங்கம்! அது புதிதாக ஒன்று செய்துகொண்டது. ‘வெண்டட்’. அவள் தேர்வில் போட்ட அதே ‘எட்’.