கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தாரா?

பனித்துளி:
பள்ளி அறிவியல் மன்றப் பலகையில் "இன்றைய நாளில்" என்று தினம் ஒரு குறிப்பு எழுதுகிறேன். ஜனவரி 8-க்குச் சிக்கல் இல்லை: 1642-இல் கலிலியோ மறைவு, 1942-இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறப்பு, சரியாக 300 ஆண்டு. ஆனால் "கலிலியோ கண்மூடிய அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்று பல இடங்களில் இருக்கிறது, வேறு சில இடங்களில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4 என்கிறார்கள். எதை எழுதட்டும்?

வடமீன்:
அந்த வரியே வேண்டாங்க. இரண்டு நாட்காட்டிகளைக் கலந்ததால் வந்த வினை அது. இத்தாலி 1582-லேயே இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனை விடவில்லை, நியூட்டன் பிறந்தபோது இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். அதனால் இங்கிலாந்தில் 1642 டிசம்பர் 25 ஆக இருந்த அதே நாள் இத்தாலியில் 1643 ஜனவரி 4. சரி, கலிலியோவை ஜூலியனுக்குக் கொண்டுபோனால்? 1641 டிசம்பர் 29. எந்த நாட்காட்டியில் பார்த்தாலும் அடுத்தடுத்த ஆண்டுகள்தான் வருகின்றன, ஆளுக்கொரு கணக்கு வைத்தால் மட்டுமே இருவரும் 1642-க்குள் அடங்குவார்கள். நடுவில் 361 நாள். "கலிலியோ மறைந்து ஓராண்டுக்குள்" என்று எழுதுங்கள், அது உண்மை, அழகாகவும் இருக்கிறது.

மெண்டலீவின் தனிம அட்டவணைக்கும் இதே கதைதான், ரஷ்யாவில் 1869 பிப்ரவரி 17, மற்ற இடங்களில் மார்ச் 1.

ஆலவேர்:
நாட்காட்டியை விடுங்கள், "கண்டுபிடித்த நாள்" என்பது அதைவிடத் தலைவலி. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று திரை ஒளிர்வதைப் பார்த்தார், டிசம்பர் 22-இல் மனைவியின் கையை, விரலில் மோதிரத்தோடு, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார், கட்டுரையைக் கொடுத்தது டிசம்பர் 28. முதல் நாளைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறோம், வாரக்கணக்கில் அவர் திரும்பத் திரும்பச் சோதித்ததற்கு ஒரு நாளும் இல்லை.

டி.என்.ஏ. நாள் ஏப்ரல் 25 என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் மாதிரியைப் பிடித்தது 1953 பிப்ரவரி 28. ஆனால் ஏப்ரல் 25 நேச்சர் இதழில் அவர்களுடையதையும் சேர்த்து மூன்று கட்டுரைகள் வந்தன, ஒன்று ரோசலிண்ட் பிராங்க்ளினும் கோஸ்லிங்கும் எழுதியது. பிப்ரவரியை எடுத்திருந்தால் பிராங்க்ளின் வெளியே நின்றிருப்பார்.

கோணமானி:
முழுக்க உண்டாக்கிய நாட்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். மார்ச் 14 பை நாளில் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, 1988-இல் சான் பிரான்சிஸ்கோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் லாரி ஷா தொடங்கிவைத்தது. மாதத்தை முன்னால் எழுதினால்தான் 3.14 வரும். நாளை முன்னால் எழுதுகிறவர்களுக்கு ஜூலை 22 இருக்கிறது, 22/7 உண்மையில் 3.14-ஐ விடப் பைக்கு நெருக்கம். ஐன்ஸ்டைன் பிறந்ததும் ஹாக்கிங் மறைந்ததும் மார்ச் 14-இல்தான், அது தற்செயல் என்று சேர்த்தே எழுதுங்கள்.

பனித்துளி:
மூவருக்கும் நன்றி. அப்புறம் ஒன்று, நிலவில் கால் வைத்தது ஜூலை 20-ஆ, 21-ஆ?

வடமீன்:
தரையிறங்கியது 1969 ஜூலை 20, உலகப் பொது நேரம் 20:17. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது அதே கணக்கில் 21-ஆம் தேதி 02:56, அமெரிக்காவில் அப்போதும் 20-ஆம் தேதி இரவு. எந்த நேரம் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.