புது பேட்டரியில் க்ளாம்ப் லூசா சுத்துது, என்ன பண்றது?

கியர்முனி:
கார் பேட்டரி மாத்தினேன். நட்டை முழுசா முறுக்கியும், ஒயரைப் பேட்டரியோட பிடிக்கிற ரெண்டு க்ளாம்பும் கையால திருகினா சுத்துது, நெகட்டிவ் ரொம்ப மோசம். சாவி போட்டா 'டக்'னு ஒரு சத்தம், டேஷ் லைட் எல்லாம் அணையுது. க்ளாம்பை ஆட்டிவிட்டா ஸ்டார்ட் ஆகுது. அலுமினியத் தாள் சுத்தலாமா?

ஈயக்குண்டு:
தாள் வேண்டாம். ஒருநாள் தாங்கும், அப்புறம் கசங்கி அரிச்சுப் போகும். ரெண்டும் லூசுன்னா முனை (க்ளாம்ப் மாட்டுற ஈயக் குமிழ்) அளவு மாறியிருக்கும். தடித்த முனையில் மேல் விட்டம் பாசிட்டிவ் 17.5 மிமீ, நெகட்டிவ் 15.9 மிமீ. மெல்லிய முனை ஏறக்குறைய 15, 13 தான். ஜப்பானிய எண் போட்ட பேட்டரின்னா கடைசி எழுத்தைப் பாருங்க: 46பி24எல் மெல்லிசு, 46பி24எல்எஸ் தடிசு.

பேட்டரியை மாத்தித் தந்தா அதுதான் நல்லது. இல்லன்னா மெல்லிய முனைக்கு மேல மாட்டுற ஈய உறை கிடைக்கும், பாசிட்டிவ் நெகட்டிவ் தனித்தனி அளவு. மாட்டிட்டு க்ளாம்பை அடிவரை இறக்கி, 10 ஸ்பேனர்ல 5–6 நியூட்டன் மீட்டர் முறுக்குங்க. சுத்தியலால தட்டாதீங்க, முனையின் அடியில விரிசல் விட்டு ஆசிட் கசியும்.

வோல்ட்டு:
உறை வாங்குறதுக்கு முன்னாடி க்ளாம்பையும் பாருங்க. அதோட ரெண்டு காதும் (போல்ட் போற ரெண்டு நுனி) ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டா, நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. முனை சரியான அளவா இருந்தும் முட்டுதுன்னா க்ளாம்ப் விரிஞ்சு போச்சு. காதுகளோட உள்பக்கத்தை அரம் வச்சு ஒரு மிமீ தேய்க்கலாம். அதுக்கும் அடங்கலன்னா புதுசுதான்.

மல்டிமீட்டர்ல ஒரு முள்ளை முனையின் ஈயத்துல, இன்னொண்ணை க்ளாம்ப்ல வச்சு, ஸ்டார்ட்டர் சுத்தும்போது பாருங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 150 ஆம்பியர் இழுக்கிற இடத்துல 1 வோல்ட் விழுந்தா, 150 வாட் சூடு அந்த இணைப்பிலேயே. அதனாலதான் சில க்ளாம்ப் தொட்டா சுடும். லைட் மட்டும் போட்டு சோதிச்சா இது தெரியாது, இழுக்கிற கரண்ட் பத்தாது.

கியர்முனி:
க்ளாம்ப் மாத்தணும்னா, ஒயரை ரெண்டு போல்ட்டால தகடு வச்சு அமுக்குற மாடல் போதுமா?

ஈயக்குண்டு:
அது வழியில நின்னா வீடு சேர மட்டும். செம்பு இழைகள் தகட்டுக்குக் கீழ தளர்ந்து, திரும்ப இதே கதைதான். ஒயர் தடிமனுக்கு ஏத்த லக்கை (ஒயர் நுனியில மாட்டுற, ஓட்டை வச்ச உலோகத் துண்டு) க்ரிம்ப் பண்ணி, அதாவது கருவியால அழுத்தி இறுக்கி, போல்ட் வச்ச க்ளாம்ப்ல மாட்டுங்க. ஒயர் உள்ள பச்சையாவோ கறுப்பாவோ இருந்தா பளபளக்கிற செம்பு வரைக்கும் வெட்டிட்டு அப்புறம் க்ரிம்ப்.

வோல்ட்டு:
கழட்டும்போது நெகட்டிவ் முதல், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பொருந்துற இடம் ரெண்டையும் கம்பி பிரஷ்ஷால பளபளன்னு தேய்ச்சு, காய்ஞ்ச நிலையில மாட்டி, முறுக்கின *பிறகு* வெளியில வாசலின். எஞ்சின் ஓடும்போது க்ளாம்பைக் கழட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தா விடுங்க, ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) வோல்ட் எகிறி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடலாம்.