பூங்கா இடமும் பிள்ளையார் கோயிலும்: பாளையங்கோட்டை குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு உரையாடல்

செயலாளர், காலை 7.05
அனைவருக்கும் வணக்கம். நம் நகரின் பூங்கா இடம் உடைமுள் மண்டிக் கிடப்பதால், அதன் ஈசான மூலையில் சிறிய பிள்ளையார் கோயில் ஒன்றை எழுப்பலாம் என்று பெரியவர்கள் சிலர் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரி என்று வைத்து, அடுத்த மாதச் சந்தாவுடன் சேர்த்து வசூலிக்க எண்ணம். ஆட்சேபணை இருப்பவர்கள் இங்கேயே தெரிவிக்கலாம்.

மாடி வீட்டு அண்ணாச்சி, 7.11
நல்ல காரியம். என் பங்கை இன்று மாலையே தந்துவிடுகிறேன்.

பேராசிரியர் அக்கா, 7.40
செயலாளர் தம்பிக்கு வணக்கம். எனக்கு ஆட்சேபணை உண்டு. ஆனால் அது பிள்ளையார் மீது அல்ல. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலம் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே அதில் என்ன கட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை நம் சங்கத்துக்கே கிடையாது. பொதுத் தெருக்களிலும் பூங்காக்களிலும் கோயில், தேவாலயம், மசூதி, குருத்வாரா என்று எதன் பெயராலும் அனுமதியற்ற புதுக் கட்டடம் எழ விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

இரண்டாவது, பணம். சந்தா என்பது காவலாளிக்கும் குப்பை வண்டிக்கும் குடிநீர்க் குழாய் பழுதுக்கும் நாம் கொடுப்பது. கோயில் வரியை அதே ரசீதில் சேர்த்துவிட்டால், அதைத் தர விரும்பாதவர் காவலாளியின் சம்பளத்தையும் தர மறுத்தவர் ஆகிவிடுவார். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக வரி கட்டும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 27-ஆவது உறுப்பு சொல்வது அரசு விதிக்கும் வரியைப் பற்றித்தான். அது நம் சங்கத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் நம் தெருவுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தாசில்தார் அண்ணாச்சி (ஓய்வு), 8.15
பேராசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மதச்சார்பின்மை என்ற சொல்லே நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல்தான், அரசியலமைப்பின் முகப்புரைக்குள் வந்தது. அதைக் காட்டிப் பிள்ளையாருக்கு மட்டும் சட்டம் பேசுகிறோம். ஹஜ் பயணத்துக்கு இதே அரசு ஆண்டுக்கணக்கில் மானியம் கொடுத்தபோது இந்த 27-ஆவது உறுப்பு எங்கே போயிற்று?

மருந்துக்கடை பாய், 8.32
அண்ணாச்சி, ஹஜ் மானியத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்தும்படி 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வசதி உள்ளவர் மீதே ஹஜ் கடமை என்ற குர்ஆன் வசனத்தையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2018-இல் மானியம் நின்றுவிட்டது. மானியம் இல்லாமல் போய் வருவதே மன நிறைவு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்போது சொன்னார்கள்.

பிள்ளையார் வரியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பேசாமல் இருந்திருந்தால், நான் மறு பேச்சின்றிக் கொடுத்திருப்பேன். இந்த நகரில் எங்கள் ஆட்களின் வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இரண்டாயிரம் ரூபாய்க்காகத் தெருவைப் பகைத்துக்கொள்ள எவரும் விரும்ப மாட்டார். அப்படிக் கொடுப்பதை மனமுவந்து கொடுத்ததாக நீங்கள் கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

மாடி வீட்டு அண்ணாச்சி, 8.36
பாய், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

பேராசிரியர் அக்கா, 9.02
தாசில்தார் அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது, மழுப்ப மாட்டேன். ஹஜ் மானியம் 27-ஆவது உறுப்புக்கு முரணானது அல்ல என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வசூலாகும் வரியில் மிகச் சிறிய பங்கே அதற்குப் போகிறது என்பது அத்தீர்ப்பின் வாதம். அது எனக்கு உடன்பாடில்லை. நம் மாநில அரசு ஜெருசலேம் பயணத்துக்கும் மானசரோவர், முக்திநாத் பயணங்களுக்கும் உதவித்தொகை அளிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. புண்ணியம் தேடிப் போகிறவர் தம் பணத்தில் போவதுதான் அழகு.

சொல் 1976-இல் சேர்ந்தது உண்மை. ஆனால் மதச் சுதந்திரத்தைப் பற்றிய 25 முதல் 28 வரையிலான உறுப்புகள் 1950-இலிருந்தே இருக்கின்றன. 1973-இல் உச்ச நீதிமன்றம் அளித்த கேசவானந்த பாரதி தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி சிக்ரி, அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாக மதச்சார்பற்ற தன்மையைக் குறிப்பிட்டிருக்கிறார்.

டீச்சரம்மா (கிழக்குத் தெரு), 9.20
நாங்கள் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். ஒலிபெருக்கி விஷயத்தில் 2000-ஆம் ஆண்டில் வந்த முக்கியமான தீர்ப்பு சென்னையிலுள்ள ஒரு சபைக்கு எதிரானதுதான். பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கூறியதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளைகளை வேத பாடத்தில் உட்காரவைக்கக் கூடாது என்று 28-ஆவது உறுப்பு சொல்வதையும் இங்கே பதிவு செய்கிறேன். எல்லா இடங்களிலும் சம்மதம் கேட்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்ஜினியர் தம்பி, 9.31
ஒரு சமரசம் சொல்லலாமா? பூங்காவில் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே மேடையில் வைத்துவிடலாம். எவருக்கும் மனக்குறை இராது. பத்திரிகையிலும் படம் வரும்.

பேராசிரியர் அக்கா, 9.58
தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த மேடைக்கு விண்ணப்பம் போடுவோர் மூவரோடு நிற்க மாட்டார்கள். தென்கோடி வீட்டார் குடும்பத்தோடு போய்க் கொடை கொடுப்பது சுடலைமாடனுக்கு. அவருக்குப் பீடம் வேண்டாமா? எதையும் கும்பிடாத என்னைப் போன்றவருக்கு எந்த மூலையை ஒதுக்குவீர்கள்? எல்லா மதங்களுக்கும் இடம் கொடுப்பதும் எந்த மதத்துக்கும் பொது இடத்தைக் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. முன்னதில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற பேரம் ஓயாது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-இல், அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை அகற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தபோது, எல்லா மதப் படங்களையும் சேர்த்து மாட்டுங்கள் என்று சொல்லவில்லை. அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்பதற்குத் தாசில்தார் அண்ணாச்சியே சாட்சி. ஆயுத பூசைக்கு அவர் அலுவலகத்தில் நானும் பொரி வாங்கித் தின்றிருக்கிறேன்.

தாசில்தார் அண்ணாச்சி (ஓய்வு), 10.10
பொரியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அரசு மதத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றால், நெல்லையப்பர் கோயிலை மட்டும் அறநிலையத் துறை நிர்வகிப்பது எப்படிச் சரியாகும்? மற்ற மதங்களின் வழிபாட்டுத் தலங்களுக்கு அப்படியொரு துறை இல்லையே!

பேராசிரியர் அக்கா, 10.55
இன்று கேட்கப்பட்டவற்றில் கடினமான கேள்வி இதுதான். ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கும்பினி அரசு 1817-இல் சட்டம் போட்டுக் கோயில் சொத்துகளை மேற்பார்க்கத் தொடங்கியது; பிறகு 1863-இல் அந்தப் பொறுப்பைக் குழுக்களிடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. நிர்வாகச் சீர்கேடுகளைப் பற்றிய புகார்கள் பெருகின; நீதிக்கட்சியின் பனகல் அரசர் ஆட்சியில் 1925-இல் அறநிலையச் சட்டம் பிறந்தது; இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். கோயிலின் நிலம், குத்தகை, கணக்கு ஆகியவற்றை அரசு முறைப்படுத்தலாம், வழிபாட்டில் தலையிடக் கூடாது என்ற எல்லையை 1954-இல் உச்ச நீதிமன்றத்தின் சிரூர் மடத் தீர்ப்பு வகுத்தது. அந்த எல்லை பல முறை மீறப்பட்டிருக்கிறது என்ற உங்கள் மனக்குறையில் உண்மை இருக்கிறது.

ஆனால் அரசு முற்றிலும் ஒதுங்கியிருந்த காலத்தில் நம் சீமையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சாதிப் பெயர்களைச் சொல்லி எவரையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் சொல்கிறேன். கழுகுமலைத் தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு 1895-இல் கலவரமாகி உயிர்களைப் பறித்தது. கோயிலுக்குள் யார் நுழையலாம் என்ற சண்டையில் 1899-இல் சிவகாசி எரிந்தது. இரண்டு ஊர்களும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்ததற்குப் பின்னால் பலருடைய போராட்டம் இருந்தாலும், 1939-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவைப்பட்டது. ஆகவே, அரசு கோயிலுக்குள் காலே வைக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலைத் திறந்து வைக்கவும் கணக்கைத் தணிக்கை செய்யவும் போகட்டும். உண்டியலை நிர்வகிக்கவும் அறங்காவலரை நியமிக்கவும் அதற்கு வேலையில்லை. பக்தர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். இதே தணிக்கை மற்ற மத அறக்கட்டளைகளுக்கும் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், உங்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மாடி வீட்டு அண்ணாச்சி, 11.05
எங்கள் ஆச்சி பக்கத்திலிருந்து சொல்லச் சொல்கிறார்கள்: “முட்டுவலியோடு நான் எவ்வளவு தூரம் நடப்பேன்? பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்ற இடம் கேட்டால் அதற்கு இத்தனை சட்டமா?”

பேராசிரியர் அக்கா, 11.14
ஆச்சி கேட்பதில் தவறே இல்லை. யாராவது சொந்த மனையில் இடம் கொடுத்து, முறையான அனுமதி பெற்றுக் கட்டட்டும். விரும்பியவர்கள் தனி ரசீதில் பணம் தரட்டும். நான் கும்பிட வர மாட்டேன். ஆனால் ஆச்சியைக் கையைப் பிடித்து அழைத்து வருவேன்.

செயலாளர், 11.30
வரி வசூலை நிறுத்தி வைக்கிறேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொதுக்குழு கூடும். பூங்காவைச் சுத்தம் செய்ய மாநகராட்சிக்கு மனு கொடுப்பது முதல் பொருள். கோயிலுக்குத் தனியார் மனை தேடுவது இரண்டாவது.

தாசில்தார் அண்ணாச்சி (ஓய்வு), 11.42
தானப் பத்திரத்தின் நகலை நானே எடுத்து வருகிறேன். நிலம் மாநகராட்சி பெயரில் இருந்தால் பூங்காவை விட்டுவிடலாம். அறநிலையத் துறையைப் பற்றிய பேச்சை மட்டும் நான் விடுவதாக இல்லை; அதை மூன்றாவது பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.