இந்தப் பழைய ஐரிஸ்களின் பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஒஹாயோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் வேலியோரம் மூன்று வகை தாடி ஐரிஸ் (தொங்கும் இதழ்களின் மேல் தாடிபோல் மயிர்க்கற்றை உள்ள பூச்செடி) பூக்கின்றன. பக்கத்து வீட்டுப் பாட்டி, தான் சிறுமியாக இருந்தபோதே இவை இங்கே இருந்தன என்கிறார்.

ஒன்று வெளிர் ஊதா, இடுப்பளவு உயரம், திராட்சை ரச வாசனை. மொட்டின் உறை பூ விரியும் முன்பே காய்ந்து வெளுத்துவிடுவதால் ஐரிஸ் பல்லிடா என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவதில்தான் குழப்பம். முழங்கால் உயரம்தான், பூவும் சிறியது. மேல் இதழ் மூன்றும் நல்ல மஞ்சள். தொங்கும் இதழ்களில் அரக்குச் சிவப்பு, தாடிப் பக்கம் வெள்ளைக் கோடுகள். 1840இல் பிரான்சில் லெமோன் என்ற ஐரிஸ் வளர்ப்பாளர் வெளியிட்ட ஹானரபைல் ரகமா இது, 1884இல் வந்த கிராக்கஸா? இரண்டையும் வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொங்கும் இதழில் சிவப்பு திட்டாகப் படர்ந்திருப்பது எதில், நரம்புநரம்பாக ஓடுவது எதில்?

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. வெள்ளை இதழ், ஓரம் முழுக்க நீல நூலில் தையல் போட்டதுபோல் இருக்கிறது. 1844இல் வந்த மதாம் ஷெரோ ரகமாக இருக்குமோ?

பூ, தாடி, இலையின் அடிப்பகுதி, கிளை பிரியும் இடம் எல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஜூலை கடைசியில் கிழங்கைப் பிரித்து நடணும். அதற்குள் பெயர் தெரிந்தால் சரியான அட்டையோடு நட்டுவிடுவேன். அப்புறம், கேட்பவர்களுக்குக் கிழங்கும் தருகிறேன்.