ஐந்து என்று வந்த விடை: சராசரி வித்தியாசத்தில் சறுக்கிய அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து, முதுகலை மருத்துவ மாணவி:

இடுப்பு வலிக்கான மருந்து ஆய்வுகளைத் தொகுத்து மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே விடையாக்கும் கணக்கு) செய்துகொண்டிருந்தேன். சில ஆய்வுகள் வலியை 10 புள்ளி அளவையிலும், சில 100 புள்ளி அளவையிலும் அளந்திருந்தன. மரக்காலையும் படியையும் ஒன்றாகக் கூட்ட முடியாதே! அதனால் ஒவ்வொரு ஆய்விலும் இரு குழுக்களுக்கு இடையிலான சராசரி வித்தியாசத்தை அதன் திட்ட விலக்கத்தால் (ஆளுக்கு ஆள் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வகுத்து எஸ்.எம்.டி., அதாவது அலகில்லாத தரப்படுத்திய சராசரி வித்தியாசம் ஆக்கினேன்.

100 புள்ளி அளவை ஆய்வு ஒன்றில் குழுவுக்கு 100 பேர், வித்தியாசம் 10 புள்ளி, சராசரிக்குப் பக்கத்தில் ‘± 2’. பத்தை இரண்டால் வகுத்தேன், 5 வந்தது. ஒவ்வொரு ஆய்வின் விடையையும் ஒரு கட்டமாகக் காட்டும் படத்தில் மற்ற கட்டங்களெல்லாம் ஒரு பக்கம் நெருங்கி நிற்க, இது மட்டும் எங்கோ தள்ளி நின்றது. நானோ ‘அற்புத மருந்து’ என்று குறிப்பே எழுதிவிட்டேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: “0.8 வந்தாலே பெரிய விளைவு என்கிறோம். 5 என்றால் ரெண்டு குழுவும் ஏறக்குறைய கலக்கவே இல்லை என்று அர்த்தம். நம்புறியாம்மா?”

அட்டவணையின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது: அந்த 2 திட்ட விலக்கம் இல்லை, திட்டப் பிழையாம், எஸ்.இ. (சராசரியே எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு). அதை 100இன் வர்க்கமூலமான 10ஆல் பெருக்கினால் திட்ட விலக்கம் 20. உண்மையான விடை 0.5.

ஆடுதுறைப் பக்கத்திலிருந்து, நெல் சோதனை வயல்களுக்குக் கணக்குப் பார்த்தவர்:

எஸ்.எம்.டி. போட்டதால் தப்பித்தீர்கள் அம்மா. எல்லாம் ஒரே அளவையாக இருந்து நேரடி வித்தியாசத்தைக் கூட்டியிருந்தால் 10 என்பது சாதுவாகத்தான் தெரியும். ஆனால் ஃபிக்ஸட் எஃபெக்ட் என்ற கூட்டும் முறையில் சிதறலின் வர்க்கம் குறையக் குறைய ஆய்வின் எடை கூடும்; 20க்குப் பதில் 2 போட்டால் அந்த ஆய்வின் எடை 100 மடங்கு ஏறி, மற்றதையெல்லாம் அமுக்கியிருக்கும். மகசூல் அட்டவணைகளிலும் இந்த ‘±’ எங்களைப் படுத்தியது உண்டு.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, செவிலியர்:

நீங்கள் வகுக்கும் அந்த எண்ணை வாங்குவதே பெரும்பாடு. தாளடி நடவு சமயத்தில் ஒரு அக்காவிடம், “வலி பத்துக்கு எத்தனை?” என்றேன். “நாத்து பறிக்கையில ஒம்பது, திண்ணையில உக்காந்தா ரெண்டு. எதை எழுதுவ?” என்றார். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதல் தடவை வயலிலும் அடுத்த தடவை வீட்டிலும் கேட்டால், மாத்திரையே கொடுக்காமல் ஏழு புள்ளி குறையும். அப்புறம் எல்லாரிடமும் ஒரே நேரத்தில், ‘நேற்று முழுக்க எப்படி இருந்தது’ என்று கேட்க ஆரம்பித்தோம்.

மீண்டும் கும்பகோணம்:

ஐயா சொன்னதைப் படித்த பிறகு, 10 புள்ளி அளவை ஆய்வுகளையும் திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டு எஸ்.இ. கிடைத்தன. ஒன்றில் அடிக்குறிப்பே இல்லை; நம்பக இடைவெளியிலிருந்து (உண்மையான விடை இருக்கக்கூடும் என்று ஆய்வு தரும் எல்லைகள்) பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் பிடித்தேன். இன்று ராத்திரி ‘அற்புத மருந்து’ குறிப்பை அழிக்க வேண்டும்.