அமெரிக்கா விசா மெடிக்கல்: பையனோட தடுப்பூசி கார்டு போதுமா?

கோத்தகிரி அம்மா: இமிகிரன்ட் விசா மெடிக்கல் வருதுங்க, பையனுக்கு 5 வயசு, ஊசி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் போட்டோம், கார்டு மழைல நனைஞ்சு ரெண்டு தேதி மங்கிக் கிடக்கு. செல்லுமா?

குன்னூர்க்காரன்: மங்கின தேதிய நர்ஸம்மாகிட்ட ரிஜிஸ்டர் பாத்து எழுதி சீல் வாங்கிடுங்க, நீங்களா பேனாவால எழுதாதீங்க. ஆனா கவர்மென்ட்ல போடுறது எம்ஆர் தான், தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும், விசா மெடிக்கல்ல பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் கேப்பாங்க, சின்னம்மை ஊசியும் கவர்மென்ட் லிஸ்ட்ல கிடையாது. ரெண்டையும் பிரைவேட்ல ஒரே நாள்ல போடலாம், இல்லன்னா நடுவுல 28 நாள் விடணும்.

கோத்தகிரி அம்மா: சின்னம்மை போன வருசமே போட்டு வேப்பிலை கட்டி தண்ணி ஊத்தியாச்சுங்களே!

ஊட்டி அக்கா: அப்ப அத பேனல் டாக்டர்கிட்ட, அதான் விசா மெடிக்கல் பண்ண அமெரிக்க தூதரகம் வெச்சிருக்குற டாக்டர்கிட்ட, சொல்லும்மா, வந்துபோன விவரம் சரியா இருந்தா ஊசி வேண்டாம்னு விடுவாங்க. இன்னொன்னு, 2 வயசுல இருந்து 14 வரைக்கும் டிபிக்கு ஐக்ரா ரத்த டெஸ்ட் உண்டு, எம்எம்ஆர் போட்டு நாலு வாரத்துக்குள்ள ரத்தம் எடுத்தா ரிசல்ட் குழம்பலாம், அதனால தேதி பாத்து புக் பண்ணு. தடுப்பூசி செய்யுற பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டே குன்னூர்ல இருக்கு, நமக்கு என்னமோ மெடிக்கலுக்கு சென்னை வரைக்கும் ரயிலேறணும் 😄