அப்பாவுக்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை: செய்துகொண்டவர்களிடம் சில கேள்விகள்

வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை ஆரம்பத்தில் நன்றாகவே கைகொடுத்தது. இப்போது அடுத்த வேளைக்கு முன்பே அதன் வீரியம் இறங்கிவிடுகிறது. நடந்து வருபவர் கதவு நிலையருகே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். அங்கே குறுக்காக ஒரு பட்டையான நாடா ஒட்டினோம். அதைத் தாண்டச் சொன்னால் கால் எழுகிறது! மாத்திரை உச்சத்தில் இருக்கும்போதோ உடம்பு தன் போக்கில் நெளிகிறது.

மருத்துவர் டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டலைப் பரிந்துரைக்கிறார். மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்து, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்புவார்கள். பிரான்சின் கிரெனோபிளில் 1987-இல் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு முன்னெடுத்த முறை. நேற்று முளைத்ததல்ல என்பதில் ஓரளவு தெம்பு. நோயைக் குணப்படுத்தாது, மாத்திரைக்கு அடங்கும் தொந்தரவுகளே பெரும்பாலும் குறையும் என்பதும் தெரியும். ஆகவே ‘அற்புதம் நடந்தது’ வகைக் காணொளிகள் வேண்டாம். உறவினர்கள் போதுமான அளவு அனுப்பிவிட்டார்கள்.

செய்துகொண்டவர்களும் உடனிருந்து கவனித்தவர்களும் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் பேச்சு குழறியதா? அப்பாவின் குரல் இப்போதே தணிந்துவிட்டது. என் பெரிய பயம் அதுதான். மின்னளவைச் சரிப்படுத்த எவ்வளவு காலம் பிடித்தது? நடுங்கும் கையோடு ஒருவர் பேட்டரியைத் தானே சார்ஜ் செய்ய முடிகிறதா, அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் வகையே மேலா? பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தபோது சிக்கல் வந்ததா? மாத்திரை எந்த அளவுக்குக் குறைந்தது? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் தவறாமல் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.